ஆணிப் பொதியா, ஆணி மூட்டையா? கோய்கோய்கோவாப் பேசுவோரின் ஆங்கில மெய்யொலிகள்

கேள்வி: விண்ட்ஹூக்வாசி

அனைவருக்கும் வணக்கம். ஒன்றரை ஆண்டுகளாக நமீபியாவின் தலைநகரான விண்ட்ஹூக்கில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதிவருகிறேன். கடையின் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர் வடமேற்கிலுள்ள கோரிக்சாஸ் ஊரைச் சேர்ந்த டமாரா இனத்துப் பெண்மணி. தாய்மொழி கோய்கோய்கோவாப், டச்சு மொழியிலிருந்து கிளைத்த ஆப்ரிக்கான்ஸும் சரளமாகப் பேசுவார், என்னோடு மட்டும் ஆங்கிலம். ஐம்பதைக் கடந்தவர் என்பதால் மனத்துக்குள் அவரை அக்கா என்றே வைத்திருக்கிறேன். 1990 மார்ச் 21இல் நாடு விடுதலை பெற்று ஆங்கிலம் ஒன்றே ஆட்சிமொழி ஆவதற்கு முன்பே பள்ளிப் படிப்பின் பெரும்பகுதியை முடித்தவர் அவர்.

சென்ற மாதம் தச்சர் ஒருவருக்காக அவர் கிடங்கிலிருந்து தொலைபேசியில் பன்னிரண்டு 'பேக்' ஆணி என்று சொன்னார். நான் பன்னிரண்டு மூட்டை என்று பட்டியல் எழுதிவிட்டேன். அவர் சொன்னதோ சிறிய அட்டைப் பொதி. தச்சர் தொகையைப் பார்த்துச் சிரித்துவிட்டார் என்பதால் தப்பித்தேன். இதில் வேடிக்கை என்னவென்றால், மூட்டையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் பொதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பேக்' என்றே விழுகின்றன. ஆகவே என் சிக்கலை உங்களுக்கு எழுதிக் காட்டவே முடியவில்லை.

இத்திரியில் குழப்பம் வராதிருக்க ஒரு வழி சொல்கிறேன். 'பம்பரம்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் பகரத்தில் தொண்டை அதிர்வதில்லை. மகரத்துக்குப் பின் வரும் பகரத்தில் அதிர்கிறது. முன்னதை முதற்பகரம் என்றும் பின்னதை இரண்டாம்பகரம் என்றும் அழைப்போம். அவ்வாறே 'கங்கணம்' என்பதில் முதற்ககரமும் இரண்டாம்ககரமும், 'தந்தம்' என்பதில் முதற்தகரமும் இரண்டாம்தகரமும் உள்ளன. பொதி முதற்பகரத்தில் தொடங்கி முதற்ககரத்தில் முடிகிறது. மூட்டை இரண்டாம்பகரத்தில் தொடங்கி இரண்டாம்ககரத்தில் முடிகிறது.

என் கேள்வி இதுதான். அக்காவின் ஆங்கிலத்தில் இவ்விணைகள் எனக்குப் பல நேரம் ஒன்றாகவே கேட்கின்றன. தேவாலயத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை அவர் 'ட்ஸ' என்பதுபோல் தொடங்குகிறார். கப்பலும் உறிஞ்சுதலும் அவர் வாயில் ஒரே சொல்லாகின்றன. நாக்கை உறிஞ்சி விடுவித்து எழுப்பும் இருபது வகைச் சொடுக்கொலிகளைச் சற்றும் தடுமாறாமல் உதிர்க்கும் ஒரு நாவுக்கு, ஆங்கிலத்தின் எளிய பகரம் ஏன் இடறுகிறது? இது தாய்மொழியின் தாக்கமா, ஆப்ரிக்கான்ஸின் தாக்கமா, அல்லது என் காதின் குறையா?


மறுமொழி 1: ஒலியியல் மாணவன்

நண்பரே, பம்பரத்தைக் கொண்டு நீங்கள் வகுத்த முறை அழகானது, அதையே பின்பற்றுகிறேன். உங்கள் கேள்விக்கு விடை அம்மொழியின் பெயரிலேயே இருக்கிறது. கோய் என்றால் மனிதர். கோய்கோய் என்று இரட்டித்தால் மனிதருள் மனிதர் என்ற பொருள். கோவா என்பது பேசுதல். இறுதியில் ஒட்டியிருப்பது ஆண்பால் ஒருமை விகுதி. உரோமன் எழுத்தில் இப்பெயரை எழுதும்போது அவ்விகுதியை இரண்டாம்பகர எழுத்தால் எழுதுவார்கள். ஆனால் உச்சரிக்கும்போது இதழ்கள் மூடும் அவ்விடத்தில் தொண்டை அதிர்வதில்லை, வருவது முதற்பகரம். 'கோவா' என்பதன் தொடக்கத்தை இரண்டாம்ககர எழுத்தால் எழுதுவார்கள். அங்கும் வருவது முதற்ககரமே. நடுவில் வகர எழுத்தால் குறிக்கப்படும் ஒலியோ, உயிர்களுக்கிடையே அகப்பட்டு, இதழ்கள் முழுவதும் மூடாமல் இளகிப்போன பகரம். ஆக ஒரே சொல்லுக்குள் ஒரு பகரம் இரண்டு எழுத்துகளில் எழுதப்படுகிறது. அந்த இரண்டில் ஒன்றுகூட நீங்கள் எதிர்பார்க்கும் எழுத்து அன்று.

அம்மொழியில் பொதுவாக 31 மெய்யொலியன்கள், அதாவது சொல்லின் பொருளை மாற்றவல்ல மெய்யொலிகள், கணக்கிடப்படுகின்றன. அவற்றுள் 20 சொடுக்கொலிகள்: நாக்கு உறிஞ்சி விடுபடும் இடங்கள் நான்கு, ஒவ்வோர் இடத்துக்கும் பின்னணியாகத் தொண்டையும் மூக்கும் செய்யும் செயல்கள் ஐந்து. எஞ்சிய மெய்கள் 11 மட்டுமே. அந்தப் பதினொன்றில் பகர, தகர, ககர அடைப்பொலிகள் தலைக்கு ஒன்றுதான் உண்டு. தொண்டை அதிர்கிறதா இல்லையா என்பதைக் கொண்டு அம்மொழியில் இரண்டு சொற்களை வேறுபடுத்த முடியாது. இது நமக்குப் புதிய செய்தி அன்று. 'பம்பரம்' என்று சொல்லும்போது நாம் இரண்டு வேறு ஒலிகளை எழுப்புகிறோம் என்பதே, நீங்கள் சுட்டிக்காட்டும்வரை நம்மில் பலருக்குத் தெரிந்திராது. எழுத்தும் ஒன்று, மனத்தில் ஒலியனும் ஒன்று. இடத்துக்கேற்ப ஒலி மாறுகிறது. அக்காவின் மொழியிலும் அப்படியே. உயிர்களுக்கிடையே வரும் பகரம் இளகுகிறது, தகரம் ரகரத்தைப் போன்ற வருடொலியாகிறது. 'மகன்' என்பதில் நம் ககரம் ஹகரத்தை நோக்கி நழுவுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு, அதுதான் உங்கள் குழப்பத்தின் வேர் என்று கருதுகிறேன். தமிழில் இரண்டு ஒலிக்கு ஓர் எழுத்து. கோய்கோய்கோவாபில் ஓர் ஒலிக்கு இரண்டு எழுத்து. அம்மொழி தொனிமொழி, அசையை உயர்ந்த சுருதியில் சொல்வதா தாழ்ந்த சுருதியில் சொல்வதா என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். எழுத்துமுறையில் தொனிக்குத் தனிக்குறி இடுவதில்லை. அதற்கு மாற்றாக, உயர்தொனி அசைக்கு முதற்பகர, முதற்தகர, முதற்ககர எழுத்துகளையும், தாழ்தொனி அசைக்கு இரண்டாம் வரிசை எழுத்துகளையும் எழுதும் வழக்கம் நிலைத்துவிட்டது. நாம் ஆங்கில நெடுங்கணக்கில் தொண்டை அதிர்வின் அடையாளமாகப் படிக்கும் எழுத்து, அக்கா தம் தாய்மொழியில் எழுதப் படித்திருந்தால், அவருக்குத் தாழ்ந்த சுருதியின் அடையாளம்.

இனி ஆங்கிலப் பக்கம் வருவோம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் சொல்லின் முதலில் பகரத்தைச் சொல்லும்போது கூடவே ஒரு மூச்சு வெடித்து வரும். உள்ளங்கையை வாய்க்கு முன்னே வைத்துக்கொண்டு, குண்டூசியைக் குறிக்கும் சொல்லை ஆங்கிலேயர் சொல்வதுபோல் சொல்லிப் பார்த்தால் காற்று கையில் படும். குப்பைத்தொட்டியைக் குறிக்கும் சொல்லில் படாது. அவர்களுடைய செவி இவ்விரண்டையும் பிரித்தறியத் தொண்டை அதிர்வைவிட இந்த மூச்சையே பெரிதும் நம்புகிறது. கோய்கோய்கோவாபின் பகரத்தில் இந்த மூச்சு கிடையாது. தமிழின் பகரத்திலும் கிடையாது. ஆகவே அக்கா குண்டூசி என்று சொன்னாலும் இலண்டன்வாசி ஒருவருக்கு அது குப்பைத்தொட்டியாகக் கேட்க வாய்ப்புண்டு. நாம் சொன்னாலும் அப்படித்தான்.

சொல்லின் இறுதியில் கதை வேறு. ஆங்கிலத்தில் அதிரும் மெய்க்கு முன் நிற்கும் உயிர் சற்று நீளும். மூட்டையின் உயிர் நீளம், பொதியின் உயிர் குட்டை. இறுதி மெய்யைத் தெளிவாகச் சொல்லாவிட்டாலும் உயிரின் நீளமே காட்டிக்கொடுத்துவிடும். அக்கா இரண்டிலும் உயிரை ஒரே அளவில் நிறுத்துகிறார் என்றால், முதலிலும் முடிவிலும் இரண்டு துப்புகளையும் ஒருசேர இழந்த ஒரு சொல்லைத்தான் நீங்கள் தொலைபேசியில் கேட்டிருக்கிறீர்கள். மூட்டை என்று எழுதியதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம்.

கப்பலும் தேவாலயமும் சிக்கலே அல்ல. அம்மொழியில் உரசொலிகள் மூன்றே: சகரம் போன்ற ஒன்று, தொண்டையை உரசும் ஒன்று, ஹகரம் ஒன்று. ஷகரம் இல்லை. அடைத்து உடனே உரசி வெளிவரும் தடையுரசொலிகள் இரண்டு, அவற்றுள் ஒன்று பலத்த மூச்சுடன் வரும் 'ட்ஸ'. தேவாலயத்தின் முதலொலிக்கு அக்காவிடம் இருப்பவற்றில் மிக நெருங்கியது அதுதான்.


மறுமொழி 2: கடலோரப் பயணி

நான் மொழியியல் அறியேன். ஓர் ஐயம் மட்டும். சொடுக்கொலி பேசுவோர் ஆங்கிலம் பேசும்போது நாக்கு பழக்கதோஷத்தில் ஆங்காங்கே சொடுக்கிவிடும் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்? இருபது ஒலிகளை நாள் முழுவதும் எழுப்பும் வாய்க்கு அவை ஆங்கிலத்தில் எங்கேயுமே நுழையாதா?


மறுமொழி 3: தெற்கில் இருந்த ஆசிரியை

பயணியின் ஐயம் பலருக்கும் உள்ளதுதான். நமீபியாவின் தென்பகுதியிலுள்ள கீட்மன்ஸ்ஹூப்பில் ஆறு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தேன். என் மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நாமா குடும்பத்துப் பிள்ளைகள். நாமாவும் டமாராவும் இரண்டு இனங்கள், மொழி ஒன்றே. பேச்சு வழக்கில்தான் வேறுபாடு. அந்த ஆறு ஆண்டுகளில் ஓர் ஆங்கிலச் சொல்லுக்குள் தவறிப்போய் நுழைந்த ஒரு சொடுக்கொலியைக்கூட நான் கேட்டதில்லை. நாமும்தான் இரக்கப்பட்டாலும் சலித்துக்கொண்டாலும் உச்சுக்கொட்டுகிறோம்; நாக்கைப் பல்லில் ஒட்டி உறிஞ்சி எடுக்கும் அந்த ஒலி, அவர்களுடைய நான்கு இடங்களுள் பல்லிடத்துச் சொடுக்கொலிக்கு ஏறத்தாழ இணையானது. ஆனால் 'பாவம்' என்ற சொல்லின் நடுவில் நாம் உச்சுக்கொட்டிவிடுவதில்லை அல்லவா? நமக்கு அது சொல்லுக்கு வெளியே நிற்கும் ஒலி. அவர்களுக்கு அது மெய்யெழுத்து. மெய்யெழுத்து தனக்குரிய இடத்தில்தான் வரும். சொடுக்கொலிக்குரிய இடம் வேர்ச்சொல்லின் தலை ஒன்றே. முடிவில் ஒருபோதும் வராது.

ஆங்கில வாக்கியத்துக்குள் அவை வரும் இடம் ஒன்று உண்டு, அது பெயர்ச்சொல். விண்ட்ஹூக்கின் வெந்நீர் ஊற்றுகளைச் சுட்டி அவர்கள் அந்நகருக்கு இட்ட பெயரில் இரண்டு சொடுக்கொலிகள் உள்ளன. 2013இல் கராஸ் மாகாணத்தின் பெயருக்கு முன்னே பக்கவாட்டுச் சொடுக்கொலிக்கான இரட்டைக் கோட்டை அதிகாரபூர்வமாகச் சேர்த்தார்கள். என் பிள்ளைகள் நல்ல ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே வந்து அப்பெயர்களில் மட்டும் பளிச்சென்று சொடுக்கிவிட்டு மறுபடி ஆங்கிலத்துக்குத் திரும்புவார்கள். இடறுபவர்கள் நாங்கள்தாம், ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் அது வெறும் கராஸ்தான்.

மாணவன் தம்பி சொன்ன எழுத்து, தொனி விளக்கத்துக்கு நான் கண்ணால் கண்ட சான்று ஒன்று உண்டு. ஆய்வு என்று சொல்ல மாட்டேன், ஒரு வகுப்பறையில் பார்த்தது. அங்கே முதல் மூன்று வகுப்புகளைத் தாய்மொழியில் படித்துவிட்டு நான்காம் வகுப்பில் ஆங்கிலவழிக்கு மாறுவது அரசின் கொள்கை. ஆகவே என்னிடம் வந்த சில பிள்ளைகள் தாய்மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்தே வந்தார்கள். சொல்வதெழுதலுக்காக நான் பேரிக்காய், கரடி, மேற்சட்டை, ஆடு என்று இணை இணையாக ஆங்கிலச் சொற்களை வாசிப்பேன். பட்டியலை வாசிக்கும்போது நம் குரல் ஒவ்வொரு சொல்லிலும் ஏறி நின்று கடைசிச் சொல்லில் இறங்கும். நான் அதை அறிந்து செய்யவில்லை. திருத்த உட்கார்ந்தபோது பார்த்தால், கடைசிச் சொல் எதுவாக இருந்தாலும் அந்தப் பிள்ளைகள் அதை இரண்டாம் வரிசை எழுத்தில் எழுதியிருந்தார்கள். ஒரு நாள் பேரிக்காயைக் கடைசியில் வைத்தேன்; அன்று ஐந்து நோட்டுகளில் கரடி இரண்டு முறை வந்திருந்தது. அவர்கள் என் மெய்யெழுத்தைக் கேட்கவே இல்லை, என் சுருதியைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய பள்ளி எழுத்துமுறைப்படி அது பிழையற்ற எழுத்து! மறுநாள் முதல் ஒவ்வொரு சொல்லையும் ஒரே சுருதியில், கோயில் மணி அடிப்பதுபோல் வாசித்தேன். பிழைகள் குறைந்தன என்று சொல்ல முடியாது; எல்லாச் சொற்களுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டன.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. தொண்டை அதிரும் மெய்யை அடுத்து வரும் உயிரின் சுருதி சற்றுத் தாழ்வது உலக மொழிகள் பலவற்றிலும் காணப்படுவது, ஆங்கிலத்திலும் உண்டு. எனவே தாழ்தொனிக்கு இரண்டாம் வரிசை எழுத்தைக் கொடுத்தது முற்றிலும் காரணமற்ற செயல் அன்று. அவர்களுடைய காது ஆங்கிலத்தில் பற்றிக்கொள்ளும் துப்பு உண்மையாகவே அங்கே இருக்கிறது. ஆங்கிலேயர் அதைப் பொருட்படுத்துவது குறைவு, அவ்வளவே.

குறைகளை மட்டும் பேசுகிறோம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லின் இறுதியில் நம்மைவிட அவர்கள் வல்லவர்கள். தொல்காப்பியம் சொல்லுக்கு இறுதியாக 11 மெய்களை மட்டுமே அனுமதிக்கிறது. அவற்றில் வல்லினம் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் நாம் 'கப்பு', 'பஸ்ஸு' என்று ஓர் உகரத்தைத் தாங்குகோலாக நிறுத்திக்கொள்கிறோம். அவர்களிடம் ஆண்பால் விகுதி பகரத்தில் முடிகிறது, பெண்பால் விகுதி சகரத்தில், பலர்பால் னகரத்தில். ஆண்மகனைப் பார்த்து 'நீ' என்று சொல்லும் சொல் 'சட்ஸ்' என்று இரட்டை ஒலியிலேயே முடிகிறது. ஆகவே கோப்பையும் பேருந்தும் தொப்பிகளும் முதல் நாளிலிருந்தே உகரமின்றித் துல்லியமாக வந்தன. ககரத்திலும் லகரத்திலும் முடியும் சொற்களில்தான் தயங்கினார்கள்.


மீண்டும் விண்ட்ஹூக்வாசி

அம்மா, நோட்டுப் புத்தகத்துக் கரடியைப் படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன். பிறகு நாளை முதல் தொலைபேசியில் என் சுருதியைக் கவனிக்க வேண்டும் என்று தோன்றியது. மாணவன் நண்பரிடம் இன்னும் இரண்டு ஐயங்கள். லகரத்தைப் பற்றி அம்மா தயக்கம் என்றார்கள். ஆனால் அக்கா லகரத்தை நன்றாகவே சொல்கிறார். எங்கள் கடையில் ஒஷிவம்போ பேசும் இளைஞர்கள் மூவர் உள்ளனர். லகரமும் ரகரமும் இடம் மாறுவதாக ஊரார் கேலி செய்வது அவர்களைத்தான். இரண்டாவது, என் முதல் கேள்வியின் பிற்பகுதி: ஆப்ரிக்கான்ஸின் பங்கு எவ்வளவு என்பதை எப்படிப் பிரித்தறிவது?


மறுமொழி 4: ஒலியியல் மாணவன்

லகரம் அம்மொழியின் சொந்தச் சொற்களில் இல்லை. கடன்சொற்களில் வந்து தங்கிவிட்டது. கிறித்தவ விவிலியத்தில் கடவுளுக்கு வழங்கும் 'எலோப்' என்ற சொல்லே எபிரேயத்திலிருந்து மறைப்பணியாளர் வழியாக வந்து, ஆண்பால் விகுதியை மாட்டிக்கொண்டு உள்ளூர்ச் சொல்லானது. ஞாயிறுதோறும் அந்தச் சொல்லைப் பாடி வளர்ந்த, ஆப்ரிக்கான்ஸும் அறிந்த ஒருவருக்கு லகரம் அந்நிய ஒலி அன்று. அம்மாவின் மாணவர்கள் தயங்கியது லகரத்திடம் அன்று, சொல்லின் கடைசியில் நிற்கும் லகரத்திடமே என்று எண்ணுகிறேன்.

ஆப்ரிக்கான்ஸைப் பிரித்தறிய, ஒலியைவிட ஒலி நிற்கும் இடத்தைப் பார்ப்பது பயன் தரும். ஆப்ரிக்கான்ஸில் சொல்லின் இறுதியில் அதிரும் மெய்கள் அதிர்விழந்துவிடும். முதலில் இரு பகரங்களும் வேறுபட்டே நிற்கும். ஆகவே கயிறும் அங்கியும் அக்காவின் ஆங்கிலத்தில் ஒன்றானால், அதற்கு இரு மொழிகளும் பொறுப்பு, பிரிக்க இயலாது. பேரிக்காயும் கரடியும் ஒன்றானால், ஆப்ரிக்கான்ஸை விடுத்துத் தாய்மொழியையே சுட்ட வேண்டும். ககர இணையில் இந்தச் சோதனை பலிக்காது. ஆப்ரிக்கான்ஸில் சொல்முதலில் அந்த எழுத்து தொண்டை உரசலாக ஒலிப்பதால் அங்கேயும் இரண்டாம்ககரத்துக்கு இடமில்லை. மாறாக, மதுவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை அவர் கொடியைக் குறிக்கும் சொல்லைப் போல், மேற்பல்லைக் கீழிதழில் வைத்துத் தொடங்கினால், அது ஆப்ரிக்கான்ஸ் வழக்கம். கோய்கோய்கோவாபில் அப்படி ஓர் ஒலியே இல்லை. உருளும் ரகரத்தையும் அதன் கணக்கிலேயே எழுதலாம். பல்லிடையே நாக்கை நீட்டும் ஆங்கில ஒலி இரண்டு மொழிகளிலும் இல்லை. அதைப் பற்றிப் பேசி ஆகப்போவது எதுவுமில்லை.

ஓர் எச்சரிக்கை. இவ்வகை ஆங்கிலத்துக்குச் சான்றாகச் சிலர் மறைந்த அதிபர் ஹாகே கைங்கோப் அவர்களின் உரைகளைக் கேட்கச் சொல்வார்கள். 2015 முதல் 2024 பிப்ரவரியில் இறக்கும்வரை அதிபராக இருந்த அவர் கோய்கோய்கோவாபைத் தாய்மொழியாகக் கொண்டவர்தான். ஆனால் அமெரிக்காவில் பல ஆண்டுகள் படித்து வாழ்ந்தவர். அவருடைய ஆங்கிலத்தை வைத்துக் கோரிக்சாஸின் ஆங்கிலத்தை அளக்கக் கூடாது.


மறுமொழி 5: தெற்கில் இருந்த ஆசிரியை

தம்பியின் சோதனை நன்று. ஒரு திருத்தம் மட்டும் தேவைப்படுகிறது. ஆப்ரிக்கான்ஸில் சொல்முதலில் இரண்டு பகரங்களும் வேறுபட்டே நிற்கின்றன என்பது இலக்கணப்படி சரி. ஆனால் 2018இல் வெளிவந்த ஓர் ஒலியியல் ஆய்வு, ஆப்ரிக்கான்ஸ் பேசுவோர் பலர், குறிப்பாக இளையோர், சொல்முதலில் வரும் இரண்டாம்பகரத்தையும் அதிர்வின்றியே சொல்கின்றனர் என்றும், அடுத்து வரும் உயிரின் சுருதியைத் தாழ்த்தி வேறுபாட்டைக் காப்பாற்றுகின்றனர் என்றும் காட்டியது. ஒரு ஜெர்மானிய மொழி தொனியை நோக்கி அடியெடுத்து வைக்கிறது! அப்படியானால், பேரிக்காய்க்கும் கரடிக்கும் இடையே அதிர்வு இல்லை என்பதைக் கொண்டு மட்டும் தாய்மொழியைக் குற்றம் சாட்ட முடியாது. சுருதியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அக்கா ஐம்பதைக் கடந்தவர் என்பதால் உங்கள் சோதனை அவரிடம் ஓரளவு செல்லும். என் மாணவர்களிடம் செல்லாது.

விண்ட்ஹூக்வாசிக்கு ஒரு சொல். அக்காவிடம் சோதித்துப் பார்ப்பதானால் வாசிக்கச் சொல்லாதீர்கள். எழுத்தைப் பார்த்தால் எழுத்துமுறையின் தொனிப் பழக்கமும் கூடவே வந்துவிடும். பொருளைக் காட்டிப் பெயரைக் கேளுங்கள். கிடங்கில் உங்களுக்குப் பொருளுக்கா பஞ்சம்? தொனியை ஆராய விரும்பினால், ஹாக்கே, ஐசெப் இருவரும் 2002இல் வெளியிட்ட கோய்கோய்கோவாப் அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் தொனி குறிக்கப்பட்டுள்ளது; தலைநகர நூலகங்களில் தேடிப் பாருங்கள்.


மீண்டும் விண்ட்ஹூக்வாசி

அம்மா சொன்னபடியே சனிக்கிழமை கடை அடைத்தபின் செய்து பார்த்தோம். குண்டூசி, குப்பைத்தொட்டி, கயிறு, மூட்டை, பொதி, கதவுப்பூட்டு என்று பதினெட்டுப் பொருள்களை மேசைமேல் பரப்பினேன். அக்கா பெயர் சொல்ல, நான் முதுகைத் திருப்பிக்கொண்டு எழுதினேன். சொல்முதல் இணைகளில் பாதியைத் தவறாக எழுதினேன். சொல்லிறுதி இணைகளில் ஏறத்தாழ எல்லாவற்றையும். கயிற்றின் முதலொலி நன்றாக உருண்டது. அம்மா சொன்ன சுருதியை நினைத்துக்கொண்டு இரண்டாம் சுற்றைக் கேட்டபோது, குப்பைத்தொட்டியில் அவர் குரல் மெய்யாகவே சற்று இறங்கியது போலிருந்தது. கேட்க வேண்டும் என்று விரும்பியதால் கேட்டதோ என்ற ஐயமும் கூடவே எழுந்தது.

பிறகு அக்கா என்னை உட்காரவைத்து இடம் மாறிக்கொண்டார். நான் சொல்ல அவர் எழுதினார். என் குண்டூசிகள் எல்லாம் குப்பைத்தொட்டிகளாகியிருந்தன. பூட்டுக்கு நேரே, நான் இறுதியில் விட்ட உகரத்தைக் கேட்டு, வேறு ஏதோ பொருள் என்று கேள்விக்குறி இட்டிருந்தார். தாளை என்னிடம் நீட்டும்போது அவர் நாக்கைப் பல்லில் வைத்து உச்சுக்கொட்டியது மட்டும் எனக்கு மொழிபெயர்ப்பின்றிப் புரிந்தது.

இப்போது எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. தொலைபேசியில் ஆணி கேட்டால் எண்ணிக்கையோடு எடையையும் சொல்லிவிடுவது. பன்னிரண்டு, அரைக்கிலோ என்றால் பொதி. பன்னிரண்டு, இருபத்தைந்து கிலோ என்றால் மூட்டை.